முப்பத்தெட்டு லட்சத்துச் சொல்

உயிரற்றது. இந்த ஒரு சொல்லுக்கு என் அத்தானிடம் முப்பத்தெட்டு லட்சம் ரூபாய் விலை பேசியிருந்தார்கள். மொத்தம் ஆறு எழுத்து. எழுத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் விழும். விருதுநகர் சந்தையில் நான் பார்த்தவரை இவ்வளவு சின்ன சரக்குக்கு இவ்வளவு பெரிய விலை வந்ததில்லை. அத்தான் விற்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தான் என்றால் தனுஷ்கோடி, என் அக்கா இசக்கியம்மாளின் கணவர். மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். அவர்களுக்கு ஒரே மகள், சந்தனமாரி. போன சித்திரையில் சாத்தூர் சாலையில், டிரைவர் இல்லாமல் தானே ஓடும் லாரி ஒன்று குறுக்கே வந்த மாட்டுக்கு மரியாதையாக ஒதுங்கிக் கொடுத்து, மாரியின் வண்டியை அடித்துவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியின் மூளை அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

ஆனால் ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இப்போதெல்லாம் சும்மா வருவதில்லை. பிடரியில் ஒரு துணைமூளையைப் பொருத்திவிட்டார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். மூச்சை இழுக்கும், இதயத்தை ஓட்டும், குழாய் வழியாகப் போகிற கஞ்சியைச் செரிக்க வைக்கும். "வைக்கட்டுமா?" என்று போனில் கேட்டார்கள். எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்?

இந்தப் புளியங்கொட்டை வந்த பிறகு டாக்டர்களுக்குப் பெரிய சங்கடம். முன்பெல்லாம் நாடி பார்த்து, மூச்சுப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது நாடியும் ஓடுகிறது, மூச்சும் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தால் கேஸ் போடுகிறார்கள். எழுதாவிட்டாலும் கேஸ் போடுகிறார்கள். கடைசியில் ஒரு சட்டம் வந்தது. பெற்றவரோ கட்டியவரோ, துணைமூளை வைக்கச் சம்மதம் கொடுத்தவர் யாரோ அவரே, அந்த உடலைத் தொட்டு, பதிவாளர் முன்னால் வாயால் சொல்ல வேண்டும்: இது உயிரற்றது. சொன்னால்தான் சாவு. அதுவரை கட்டில்தான். படித்தவர்கள் கூடி, தங்களுக்குத் துணிச்சல் வராத வேலையைப் பெற்றவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

முப்பத்தெட்டு லட்சம் கம்பெனிக்காரன் தருவது. ஒரு உடம்புக்குள் பல மாதம் பழகிய துணைமூளைக்குப் புதிதைவிட மவுசு அதிகம். பக்கவாதம் வந்தவருக்கு அதை எடுத்து வைத்தால் பத்து நாளில் கையைக் காலை அசைத்துவிடுவார். அதனால், சொல்லைச் சொல்லி, துணைமூளையைத் திருப்பிக் கொடுக்கும் குடும்பத்துக்குக் கம்பெனி ஒரு தொகை தரும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் நன்றித்தொகை. எங்கள் பக்கம் அதை விலை என்போம்.

அத்தான் பணத்துக்கு மசியவில்லை. ஆனால் பேரம் பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. டாக்டர் மெஹருன்னிசாவிடம் சொல்லை மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"டாக்டரம்மா, வேற சொல்லு எடுத்துக்கிர மாட்டீகளா? 'காலமாயிட்டா'ன்னு சொல்றேன்."

"ஆகாது அண்ணாச்சி."

"'தவறிட்டா'?"

"ம்ஹும்."

"'சாமிகிட்ட போயிட்டா'? நல்ல சொல்லும்மா. யாரும் கொற சொல்ல மாட்டாக."

"போயிட்டான்னா எங்கயோ இருக்கான்னு ஆயிரும். இப்படித்தான் ஒரு குடும்பத்துல 'போயிட்டாரு'ன்னு சொல்லிட்டு, 'போனவரு திரும்பி வரலாம்ல'ன்னு கோர்ட்டுக்கு வந்துட்டாங்க. அதுலருந்து சட்டத்துக்குப் போக்குவரத்தே ஆகாது."

"நீங்க கேக்குற சொல்லு நாற்காலிக்குச் சொல்றது. கல்லுக்குச் சொல்றது. எம் புள்ளைக்கு எப்படிச் சொல்ல?" அத்தான் சட்டைப்பையில் எப்போதும் சாம்பிளுக்கு வைத்திருக்கும் வத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தா. காஞ்சு சருகாக் கெடக்கு. உள்ள விதை கலகலங்குது. மண்ணுல போட்டா மொளைக்கும். நாப்பது வருஷமா இத விக்கிறேன், இதையே உயிரற்றதுன்னு நான் சொன்னதில்ல."

டாக்டரம்மா வத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். சின்ன வயசுதான், ஆனால் நிதானமானவர். "கல்லுக்கு உயிர் எப்பவுமே இருந்ததில்ல அண்ணாச்சி. இருந்து, அத்துப்போனதுக்குத்தான் இந்தச் சொல் சரியாப் பொருந்தும். மனுஷங்களுக்கு உண்டானது. கல்லுக்கு நாம சும்மா இரவல் குடுத்திருக்கோம்."

அத்தான் வத்தலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேரத்தை அவர் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றுதான். எங்கள் மண்டியில் சரக்கு தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்று சொல்வதில்லை, 'நாளைக்கு வரும்' என்போம். அப்படிப் பழகிய வாய். அதிலிருந்து இந்தச் சொல்லை எடுப்பது நடக்கிற காரியமா?

ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தை பிறந்துவிட்டது. வீட்டில் அக்கா இருந்த இருப்பைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. வந்து எதைக் கேட்பது? 'எப்படி இருக்கா?' என்றும் கேட்க முடியாது, 'எப்ப எடுத்தீக?' என்றும் கேட்க முடியாது. தெருவில் எதிரே வருகிறவர்கள் அக்காவைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்கள். மாரியின் துணிகள் கொடியிலேயே கிடந்தன. மடித்து வைத்தால் செத்தவள் துணி ஆகிவிடும், துவைத்துப் போட்டால் உடுத்த ஆள் வேண்டும்.

"தம்பி," என்றாள் அக்கா ஒருநாள், அரிசி களைந்துகொண்டே. "ஊர்ல எல்லாரும் புள்ளையத்தான் பறிகொடுப்பாக. நான் ஒப்பாரியையும் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

"அக்கா..."

"ஒங்க அத்தான் காலையில துண்டத் தூக்கித் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிருதாரு. என்னன்னு கேட்டா, மாரி வெல பேசுறாளாம். துண்டுக்கு அடியில விரலப் புடிக்கிறாளாம். ஏன்டா, எம் புள்ள இருந்திருந்தா மொதல்ல என் கையத்தான புடிச்சிருப்பா? அப்பன் கையப் புடிச்சு வத்தலுக்கா வெல பேசுவா?"

"நான் போய்ப் பேசுறேன்."

"பேசு. எரிக்க விடச் சொல்லு. அது ஒண்ணுதான் நான் கேக்குறது. பத்து மாசம் சுமந்தவளுக்கு, எரிச்ச சாம்பலையாவது குடுக்கச் சொல்லு."

துண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எங்கள் தாத்தா காலத்து முறை. நடுவில் எல்லாரும் அதை விட்டுவிட்டு போனில் பேசினார்கள். பிறகு என்ன ஆயிற்று என்றால், விலையை வாயால் சொன்னால் பையில் இருக்கும் போன் கேட்கிறது, போன் கேட்டால் மும்பையில் இருக்கும் விலைக் கணிப்பு எந்திரம் கேட்கிறது, நாம் வாய் மூடுவதற்குள் சந்தை விலை மாறிவிடுகிறது. அதனால் சின்னப் பையன்கள் முதற்கொண்டு எல்லாரும் மறுபடி துண்டு வாங்கினார்கள். ஒரு விரலைப் பிடித்தால் குவிண்டாலுக்கு ஆயிரம். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐயாயிரம். எத்தனை தடவை பிடிக்கிறோமோ அத்தனை தடவை கூட்டிக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்தால் கோயிலில் நிற்பதுபோல இருக்கும், துண்டுக்குள் கொலை நடக்கும்.

அந்த வேலையில் மாரியை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு விலை பிடித்தால் பிடித்ததுதான். இறங்கவே மாட்டாள். ஒருதடவை அத்தானே அவளிடம் நூறு மூட்டை வாங்கப் போனார், அவள் தனிக் கணக்கில் போட்டிருந்த சரக்கு. அரை மணி நேரம் விரலைப் பிடித்து மல்லுக்கட்டினார். கடைசியில் துண்டை உதறிவிட்டு, "பெத்த அப்பனுக்கு ஒரு ஐநூறு எறங்கக் கூடாதா?" என்றார்.

"அப்பாங்கிறது வீட்ல," என்றாள் மாரி. "இங்க நீங்க பார்ட்டி."

அத்தான் அந்தப் பேச்சை வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மகள் தனக்கே நட்டம் வைத்ததைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரி சுத்தமாகத் தலைவாரிப் படுத்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கன்னத்தில் லேசாகச் சதை போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது காலையில் மண்டி, மதியம் மண்டி என்று ஓடி எலும்பும் தோலுமாக இருந்தவள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையோடு தன் கையைச் சேர்த்துத் துண்டால் மூடியிருந்தார். துண்டு அசைந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வியாபாரி அப்படித்தான் பார்ப்பான்.

"என்ன வெல?" என்றேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"பன்னெண்டு சொன்னா. இப்ப பத்துக்கு வந்திருக்கா."

டாக்டர் மெஹருன்னிசா உள்ளே வந்தார். என்னைத்தான் பார்த்துப் பேசினார், ஆனால் அத்தானுக்குக் கேட்கும்படி. "சார், இத நான் அண்ணாச்சிகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். துணைமூளை பழகும். பக்கத்துல இருக்கிறவங்க எப்படித் தொட்டா என்ன பண்ணணும்னு கத்துக்கும். அவரு கை இறுக்கமா இருந்தா அதுக்குத் தெரியும். கை தளர்ந்தாலும் தெரியும். கையைத் தளர வைக்கிறது எதுவோ அதைத் திரும்பத் திரும்பச் செய்யும். அவரு கை தளர்றதுதான் அதுக்குச் சம்பளம்."

"அப்ப மாரி இல்ல."

"மாரி அந்த ரோட்லயே முடிஞ்சிட்டாங்க சார்."

நான் அத்தானிடம் திரும்பினேன். சண்டைக்கே தயாராக வந்திருந்தேன். அக்கா சொன்னதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மாப்ள."

"என்ன தெரியும்?"

"இது மாரி இல்லன்னு. மொத நாள் துண்டு போட்டப்பவே தெரியும். கைய வெச்சேன், பன்னெண்டுன்னுச்சு. நான் லேசா கைய எறுக்குனேன், அது உடனே பதினொண்ணுன்னுச்சு. மறுபடி பத்து. எம் மக எனக்கு என்னைக்குடா எறங்கிருக்கா?" அவர் துண்டை எடுக்கவில்லை. "இது கேக்குறதுக்கு முந்தி எறங்குது. எறங்கி எறங்கி வருது."

"தெரிஞ்சுமா இத்தனை மாசம்? அக்கா அங்க பைத்தியம் புடிச்சு உக்காந்திருக்கு அத்தான்!"

"மாரிக்காக ஒரு மாசம் உக்காந்திருப்பேன். அப்புறம் உக்காந்தது இதுக்காக." அவர் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார். "நான் அந்தச் சொல்லச் சொல்லிட்டேன்னா இத என்ன பண்ணுவாகன்னு கேட்டேன். யாருகிட்ட பழகுச்சு, எப்படிப் பழகுச்சுங்கிறத மட்டும் அழிச்சுட்டு, வேற ஒருத்தருக்கு வெப்பாகளாம். நான் கைய நீட்டுனா எறங்கி வருதே, அந்த எடத்த மட்டும் சுரண்டி எடுத்துருவாகளாம்."

"அண்ணாச்சி, அது எந்திரம்," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"ஒருத்தன் சந்தோஷப்படணும்னு நெனக்கிறது எப்படிம்மா எந்திரமாகும்?"

"நெனக்கல. செய்யுது. அவ்வளவுதான்."

"எங்க சந்தையில நெனச்சுக்கிட்டுச் செய்யாதவன் ஆயிரம் பேரு இருக்கான். நெனக்காமயே செய்யிறது இது ஒண்ணுதான்."

டாக்டரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன். அக்கா சாம்பல் கேட்டதைச் சொன்னேன். ஒப்பாரியையும் பறிகொடுத்துவிட்டதாகச் சொன்னாள் என்றும் சொன்னேன். துண்டு வேகமாக அசைந்தது. அவர் கை இறுகியிருக்க வேண்டும். அது என்னென்னவோ விலை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

"பதிவாளர வரச் சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதிவாளர் வந்தார். கழுத்தில் கேமரா மாட்டிய இளைஞர், பெயர் அற்புதராஜ். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. சாட்சிக்கு டாக்டரம்மா, அக்கா, நான். அக்கா மாரிக்கு எடுத்து வைத்திருந்த கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

அத்தான் எழுந்து நின்றார். மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். ஏலத்தில் விலை கூவுகிற குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"எம் மக சந்தனமாரி. இந்த உடம்பு உயிரற்றது."

அவர் முடிப்பதற்குள் அக்கா அலறினாள். ஒன்பது மாதம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. "என்னப் பெத்த ராசாத்தி! என்ன விட்டுட்டுப் போயிட்டியே!" பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். துக்கம் கேட்க வந்த முதல் ஆள் அவள்தான். அவள் பெயர்கூடத் தெரியாது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் பதிவாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, இன்னும் ஒரு வரி இருக்கு. சாதனத்துக்கு. 'இதனுள் பொருத்தப்பட்ட துணைமூளை உயிரற்ற பொருள்'னு சொல்லணும். அதைச் சொன்னாத்தான் கம்பெனி அழிச்சு எடுத்துக்க முடியும். உங்களுக்கும் தொகை வரும்."

"சொல்ல மாட்டேன்."

பதிவாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அத்தானைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அத்தான், முப்பத்தெட்டு லட்சம். பெத்த மகளுக்கே சொல்லிட்டீக. ஒரு புளியங்கொட்டைக்குச் சொல்ல என்ன?"

"மகளுக்குச் சொன்னது நெசம் மாப்ள. அதான் வாய் வந்துச்சு. இது நெசமான்னு எனக்குத் தெரியல. தெரியாத சரக்குக்கு நான் தரம் சொன்னதில்ல."

"சொல்லாட்டி என்ன ஆகும் தெரியுமா? எவனும் வாங்க மாட்டான்."

டாக்டரம்மா பின்னாலேயே வந்திருந்தார். "அழிக்காத சாதனத்தை, நோயாளி தெரிஞ்சே ஒத்துக்கிட்டாத்தான் வைக்கலாம். அதுவரைக்கும் பெட்டியில இருக்கும். மின்சாரம் குறைச்சுக் குடுப்போம். தூக்கம் மாதிரி."

"தூங்கட்டும்," என்றார் அத்தான்.

"யாருமே ஒத்துக்கலன்னா அண்ணாச்சி?"

"என்ன மாதிரி கையி எறுகிப்போன ஒருத்தன் வராமலா போயிருவான்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வியாபாரத்தில் இவரை முட்டாள் என்று சொன்னவர் யாருமில்லை. அன்று நான் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். அவர் கேட்காததுபோல உள்ளே போனார். தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க டாக்டரம்மா."

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னுமா ஒங்க வெளையாட்டு?" என்று கத்தினாள். அத்தான் அவளைக் கும்பிட்டார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துண்டு விழுந்தது. நாங்கள் எல்லாரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் மெதுவாக அசைந்தது, பிறகு வேகமாக. அத்தான் வழக்கம்போலக் கூரையைப் பார்க்கவில்லை. அந்தக் கை இருந்த இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டு நின்றது. டாக்டரம்மா அருகில் போய் அவர் தோளைத் தொட்டார்.

அன்று சாயங்காலம் எரித்தோம். அக்காவைச் சுடுகாட்டுக்கு வரவேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வந்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டில் நெருப்பு ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, எங்களோடு நடந்து திரும்பினாள்.

ஆற்றுப்பாலத்தருகே நான் அத்தான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எவ்வளவுல முடிஞ்சது அத்தான்?"

வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பன்னெண்டுலதான் ஆரம்பிச்சுச்சு. நான் ஒண்ணும் கேக்கல, கேக்குறதுக்குள்ள பதினொண்ணுக்கு வந்துருச்சு. நான் பதிமூணுன்னு புடிச்சேன். அதுக்குப் புரியல மாப்ள. வாங்குறவன் ஏத்துவானா? என் கை தளரலயேன்னு பயந்து ஒம்பதுக்கு எறங்குச்சு. நான் பதினஞ்சுன்னேன். அது ஆறுன்னுச்சு. நான் ஏத்த ஏத்த அது எறங்கிக்கிட்டே போகுது. எங்கயாவது ஒரு எடத்துல நில்லு தாயின்னு விரல அழுத்தி அழுத்திச் சொல்றேன், கேக்க மாட்டேங்குது."

"கடைசியா?"

"கடைசியா கைய விரிச்சு வெச்சிருச்சு. ஒண்ணும் வேண்டாம், சும்மா எடுத்துக்கோன்னு. அப்ப நான் நாலு தடவ அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சிருந்தேன். இருபது."

முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா நின்றாள். கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, அத்தானின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. துண்டுக்குள் கடைசியாகப் பிடித்த விலை எதுவோ அதுதான் விலை. விற்கிறவர் வேண்டாம் என்று கையை விரித்தாலும், வாங்குகிறவர் பிடித்தது நிற்கும். அதன்படி குவிண்டாலுக்கு இருபதாயிரம். சரக்கு எத்தனை மூட்டை என்று பேசவில்லை. கை மாறிய பணம் ஒன்றுமில்லை. வரவு வைத்துக்கொள்ள எதிர்த்தரப்பில் ஒரு பெயரும் கிடையாது. மொத்தமும் அத்தான் பேரில் பாக்கி.